குழாயைப் பிடித்த கை

ராஜ்மோகனுக்கு ஒதுக்கியது பழைய குவார்ட்டர்ஸ். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? பின்னால் மாமரம், குளுகுளுவென்ற குளியலறை. மனைவி சந்திராவுக்கு முதலில் சந்தோஷம்தான். பால் காய்ச்சியதும் அவன் மைன்ஸுக்கு இரண்டாம் ஷிஃப்ட் கிளம்பிவிட்டான். மகள் ஹரிணியைக் குளிப்பாட்டலாமென்று சந்திரா அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த ஹீட்டரைப் போட்டு, குழாயில் கை வைத்தாள்.

சுரீரென்று கடித்தது.

பிள்ளையை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, எதிர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன் சிலம்பரசனைக் கூட்டிவந்தாள். பக்கத்து மந்தாரக்குப்பத்து ஆள். வாசல்படியில் கால் வைக்கவே யோசித்தான். என்ன தம்பி என்று அவள் துருவியதும் மெல்லச் சொன்னான்.

இந்த வீட்டில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் சுற்றியிருந்தார்கள். மண்ணுக்குள் ஓடும் இரும்பு, கசிகிற மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோய்விடும். முன்பு குடியிருந்தவர் தோட்டத்துக் குழாய் துருப்பிடித்ததென்று அதைத் தோண்டியெடுத்து பிளாஸ்டிக் போட்டார். வம்பை விலைக்கு வாங்கினார். வீட்டுக்குள்ளே இருந்த இரும்புக்கும் பூமிக்கும் தொடர்பு அறுந்தது. ஹீட்டரில் கசிந்த மின்சாரம் போக வழியில்லாமல் குழாயில் நின்றது. அவர் மனைவி கஸ்தூரியம்மாள் குளிக்கப் போனார்.

"கரண்டு புடிச்சா கை இறுகிக்கும்ங்க. அந்தம்மா குழாயப் புடிச்சிக்கினே போயிட்டாங்க. அப்புறமும் வெரலப் பிரிக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. நான் ஒருத்தன்."

மெயினை அணைத்தான். ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டெஸ்டரைக் குழாயில் வைத்தான்.

டெஸ்டர் எரிந்தது.

அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. ஈரச் சுவரிலிருந்து மஞ்சள் வாசம் வந்தது. அதனடியில் மயிர் பொசுங்கும் நாற்றம்.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைத் திருகினான். அசையவில்லை.

"துருவா தம்பி?"

"இல்லீங்க. அந்தப் பக்கமா யாரோ திருப்புறாங்க."

ஓடிவிடுவான் என்றுதான் சந்திரா நினைத்தாள். ஓடவில்லை. தோட்டத்து மண்ணில் புதிதாக எர்த் இறக்கினான். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் என்று எல்லா இரும்பையும் செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்து அதில் சேர்த்தான். ஹீட்டரைக் கழற்றி வெளியே வைத்தான். வேலை முடியும்வரை வாய் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மறுபடி டெஸ்டரை வைத்தான்.

எரியவில்லை.

குழாய் லேசாகத் திரும்பியது. தண்ணீர் கொட்டியது.

"விட்டுட்டாங்க," என்றான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

சந்திராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி பிள்ளைக்குப் பயமில்லை. ஹரிணியைக் கூப்பிட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தாள்.

ஹரிணி தனியாக நின்றிருந்தாள். வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, பெரியவர்கள் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கிற பிள்ளைபோல. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெள்ளை வெளேரென்று விரல் தடங்கள் பதிந்திருந்தன.

"அம்மா, இந்த ஆன்ட்டி கைய விடவே மாட்டேங்கிறாங்க."

சந்திரா இழுத்தாள்.

சிலம்பரசனும் சேர்ந்து இழுத்தான்.

உள்ளே குழாய் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.