சாய்வெட்டு

கிளை அரைக்கும் மெஷினை நிறுத்திய பிறகும் செடிவேலிக்குப் பின்னால் தோட்டக் கத்தரிக்கோல் வெட்டும் சத்தம் கேட்டது. க்ளக். சிறு இடைவெளி. க்ளக்.

இரைச்சல் காதில் தங்கிவிட்டது, அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். பச்சைக் கிளைகளின் கசப்பு வாடையும் சூடேறிய மோட்டாரின் எண்ணெய் வாடையும் கலந்து, பொழுது சாயும் தோட்டத்தில் அசையாமல் நின்றன. உரக்குழியில் புதிதாகக் கொட்டிய தூளிலிருந்து, யாரோ போர்வைக்குள் மூச்சு விடுவதைப்போல, மெல்ல ஆவி எழுந்தது.

மெஷின் வாங்கிய நாளிலிருந்து இது இரண்டு பேர் வேலை. மனைவி வெட்டுவாள், அவர் மெஷினுக்குக் கொடுப்பார். வெட்டியதை அவருடைய இடது பக்கம் போட்டு “இந்தாங்க” என்பாள். அவர் “போதும்” என்று கத்தும்வரை நிறுத்த மாட்டாள்.

“எங்க மாமியார்கூட இவ்வளவு வேலை வாங்கல, உங்க மெஷின் வாங்குது” என்பாள்.

ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்கு வைத்திருந்த வேறொரு மெஷினைக் காட்டி, டாக்டர் “நிறுத்திடலாமா சார்?” என்று கேட்டபோதும் அவர் ‘போதும்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். அதன் பிறகு அதைச் சொல்வதில்லை. தட்டில் சோறு வழிந்தாலும் கையைத்தான் குறுக்கே நீட்டுவார்.

நாளை மகள் வீட்டுக்கே குடிபோகிறார். அதற்குள் வேலியோரத்தை வெட்டி, மனைவி தொடங்கிய உரக்குழியை நிரப்பிவிட நினைத்திருந்தார்.

மகள் பின்கதவைத் திறந்தாள். “என்னப்பா இது, தோட்டத்தையே மொட்டையடிச்சுட்டீங்க?”

“வேலியோரம் மட்டும்தான்மா வெட்டினேன்.”

“பின்ன, மத்ததெல்லாம் ஆடு வந்து மேஞ்சுதா?” சிரித்தாள். “இருட்டுறதுக்குள்ள உள்ள வாங்க. உங்க பெட்டிய அடுக்கிட்டிருக்கேன்.”

கதவு மூடியது.

அவர் சுற்றிலும் பார்த்தார். ரோஜாக்கள் இல்லை. கொய்யா வெறும் கட்டையாக நின்றது. இடது பக்கம், அவர் அரைத்து முடித்திருந்த குவியல், மறுபடியும் முழங்கால் உயரம் இருந்தது.

ஒரு கிளையை எடுத்தார். வெட்டுவாய் சாய்ந்திருந்தது. ஈரம் காயவில்லை.

அவர் நேராக வெட்டுகிறவர். “நேரா வெட்டினா தண்ணி நின்னு அழுகிடும். சாய்ச்சு வெட்டுங்க” என்று மனைவி எத்தனை தடவை சொல்லியும் அவருக்குக் கை வரவில்லை.

மெஷினைப் போட்டார். கிளையைக் கொடுத்தார். இடது பக்கம் இன்னொன்று விழுந்தது. திரும்பவில்லை. பார்த்தால் போய்விடுவாள். கொடுத்துக்கொண்டே இருந்தால், இருப்பாள்.

கொடுத்தார். விழுந்தது. கொடுத்தார்.

வெளிச்சம் குறைந்தது. விழுவதும் குறைந்தது. பிறகு நின்றது. கையை இடது பக்கம் துழாவினார். வெறும் மண். தோட்டத்தில் வெட்ட இனி எதுவும் இல்லை.

“இன்னும் கொஞ்சம்” என்றார். “இன்னும் கொஞ்சம்மா.”

க்ளக்.

இம்முறை வேலிக்குப் பின்னால் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால்.

கனமில்லாத ஒன்று விழுந்தது. நரைத்த பின்னல். அவளுடைய தலையெண்ணெய் வாடை. வெட்டுவாய் சாய்ந்திருந்தது.

மெஷின் காலியாக உறுமியது. கத்தரி மெதுவாகத் திறப்பது கேட்டது. தடித்த கிளைக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மூச்சைப் பிடித்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. தொண்டைவரை வந்தது. சொன்னால் நிறுத்திவிடுவாள். சொன்னால் போய்விடுவாள்.

வாயைத் திறந்தார்.

க்ளக்.

“இந்தாங்க.”

நீட்டியிருந்த இடது உள்ளங்கையில் ஒரு விரல் விழுந்தது. வெதுவெதுப்பாக. அது மெல்ல மடங்கி, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

பின்னால், கத்தரி மறுபடியும் திறந்தது.