சும்மா இருந்த அடுப்பு

பகவதிக்கு முன்பெல்லாம் தாணப்பன் மாமாவைப் பிடிக்கும். வடசேரியில் அவர் வீட்டின் பின்கட்டில்தான் அவள் குடும்பம் வாடகைக்கு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்டு மீட்டர். அது மாமா வீட்டு நடைச்சுவரில் இருந்தது.

அம்மா குளத்துப் படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். பங்குனி வெயிலில் கட்டுக்குள் வியர்த்து அரிக்கும். சொறியவும் முடியாது. அருமனையில் ரப்பர் பால் வெட்டும் அப்பா, அங்கே யாரோ கழித்துப் போட்ட மேசை விசிறி ஒன்றை வாங்கி வந்தார். அன்றுதான் அம்மா கண்ணயர்ந்து தூங்கினாள்.

அந்த மாதம் பில்லில் எட்டு ரூபாய் கூடிவிட்டது. எல்லாம் விசிறி தின்றது என்றார் மாமா. அப்பா கடன் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதத்துக்கும் எட்டு ரூபாயை முன்கூட்டியே வை என்றார் மாமா. அப்பா ஊரில் இல்லாததால் பணம் வரவில்லை. மாமா பின்கட்டின் பியூஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், போங்கள்!

பகவதி பனையோலை விசிறியால் வீசி வீசிக் கை கடுத்துப்போனாள். அம்மா முனகினாள். பகவதிக்கு ஆத்திரமாக வந்தது.

விசிறியின் அடியில் அறுபது வாட் என்று பொறித்திருந்தது. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பதினெட்டு யூனிட். மாமா காட்டிய பில்லில் யூனிட் இரண்டணா. ஆக முப்பத்தாறணா, அதாவது இரண்டே கால் ரூபாய். அப்படியானால் மிச்சத்தைத் தின்றது யார்?

அவளுக்குத் தெரியும். மாமாவின் மருமகன் அந்த மாதம்தான் கொழும்பிலிருந்து மின்சார அடுப்பு கொண்டுவந்திருந்தார். இரண்டு வேளையும் அதில்தான் மருமகனுக்குக் குளிக்க வெந்நீர்.

சொன்னதும் மாமா சிரித்தார். “ஏட்டி, சுத்துகதுதான் கரண்டு திங்கும். சும்மா இருக்கப்பட்ட அடுப்பு எதைத் திங்கப்போவுது?”

“மீட்டரைப் பாத்தாத் தெரியும் மாமா. எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒண்ணொண்ணாப் போடுங்க.”

சின்னப் பெண்ணைத் தோற்கடிக்கும் ஆசையில் மாமா பியூஸை மாட்டினார். விசிறி மட்டும் ஓடியபோது மீட்டருக்குள் இருந்த தகடு ஆமை போல நகர்ந்தது. விசிறியை நிறுத்திவிட்டு அடுப்பைப் போட்டார்கள். தகடு பம்பரமாகச் சுற்றியது.

மருமகன் மெல்ல நழுவினார். மாமா முகத்தில் ஈயாடவில்லை. பியூஸைத் திரும்பப் பிடுங்காமல் விட்டார். ஆனால் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. போன மாதக் கணக்கு போனதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாதக் கடைசியில், ஒன்றும் நடக்காதது போல வந்து இரண்டே கால் ரூபாய் கேட்டார்.

“அஞ்சே முக்கால் ரூவா உங்ககிட்டக் கிடக்கு. அதுல கழிச்சுக்கிடுங்க” என்றாள் பகவதி.

அவர் வந்த வழியே திரும்பினார். விசிறி கடகடவென்று ஓடியது. ‘மாமான்னு சொல்லிப் பேசுட்டி’ என்று அம்மா கடிந்துகொண்டாள். அது ஒன்றை மட்டும் பகவதி அம்மாவுக்காகக்கூடச் செய்யவில்லை.