தோரில் உட்காராத விருந்தாளி

பெர்மெத்துக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. போஸைக் கொடுத்துவிடப் போகிறாராம் அப்பா!

போஸ் அவர்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. பெர்மெத் சவாரி பழகியதே அதன் முதுகில்தான். அதற்குப் பதிலாக, சபிர் என்பவர் கொண்டுவந்த ஒரு தகரப் பெட்டி வருமாம்.

"கரண்டே வேணாம் அண்ணே! காத்துல இருக்குற சக்திய இழுத்து எரியும்," என்றார் சபிர். பெட்டியின் மேல் பல்பு பளிச்சென்று எரிந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த மலையூரில் குளிர்காலம் வந்தால் பாதி நாள் மின்சாரம் இருக்காது.

பெர்மெத்துக்கு மட்டும் உறுத்தியது. வந்ததும் வராததுமாக, சலாம்கூடச் சொல்லாமல் அவர் கேட்டது, "கரண்ட் இருக்கா?" கரண்டே வேண்டாத பெட்டிக்கு அந்தக் கேள்வி எதற்கு? அப்புறம், பெட்டியைப் பொருத்தும்போது யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

போதாக்குறைக்கு, தோரில் உட்காரவும் மாட்டேன் என்கிறார்! வாசலுக்கு நேரெதிர்ச் சுவரோரம் உள்ள தோர்தான் கிர்கிஸ் வீட்டில் விருந்தாளிக்கு மரியாதையான இடம். சபிரோ பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலோரக் கம்பளத்தை விட்டு அசையவில்லை.

"தோருக்கு வாங்க!" மூன்றாம் முறையாக அழைத்தார் அப்பா.

"நமக்குள்ள என்ன அண்ணே, எனக்கு இங்கயே வசதி."

"விருந்தாளிய செருப்புப் பக்கத்துல உக்கார வச்சோம்னு ஊரே சிரிக்கும்," என்று முணுமுணுத்தாள் அம்மா.

பெர்மெத் எழுந்தாள். தப்பாகப் போனால் அப்பாவுக்குத் தலைகுனிவு. பேசாமல் இருந்தாலோ போஸ் போய்விடும்.

"மாமா வரலன்னா பெட்டியாவது தோருக்கு வரட்டுமே. அதுவும் விருந்தாளிதானே!"

"ஐயோ, தொடாதே பாப்பா! அது இடம் மாறக் கூடாது!"

"ஏன் மாமா? காத்து அங்கயும் இருக்கே?"

அப்பா தாடியைத் தடவினார். "நியாயமான கேள்விதான். தூக்கும்மா."

அவள் பெட்டியைத் தூக்கி இரண்டடி நடந்தாள். கம்பளத்தின் ஓரமும் கூடவே எழும்பியது. அடியில் ஒரு கறுப்பு ஒயர்! அதன் மறுமுனை சுவர் பிளக்கில் செருகியிருந்தது. இன்னும் ஓர் அடி வைத்தாள். ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. பல்பு அணைந்தது.

"அதுக்குள்ள காத்து தீந்துபோச்சா மாமா?"

சபிர் தொப்பியைத் தேடிக்கொண்டு எழுந்தார். அம்மா ரொட்டித் தட்டுடன் வாசலை மறித்தாள். "எங்க வீட்டு ரொட்டிய வாயில போடாம யாரும் படி தாண்டக் கூடாது."

அவர் தலையைக் குனிந்தபடி ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு, விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

அப்பா தோரிலிருந்த மெத்தையைத் தட்டிப் போட்டார். "வாம்மா பெர்மெத், இன்னிக்கு நீ இங்க உக்காரு!"

அவள் அதற்குள் கொட்டகைக்கு ஓடிப்போய், போஸின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள்.