மூன்றாவது மீட்டர் துடிக்கிறது!

'டமார்...!'

மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்கெட்டிலிருந்து நீலப் பொறி பறந்தது.

அடுத்த நொடி... மேலே, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

"அக்கா...! வந்துட்டானுக...! சுடுறானுக அக்கா...!"



சுட்டது யாருமில்லை. வெடிக்க வைத்தது நான்தான். என் கையில் காரின் சார்ஜிங் கேபிள். அதற்கும் சாக்கெட்டுக்கும் நடுவே, சிம்மக்கல்லில் பேரம் பேசி வாங்கிய மலிவு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அது இப்போது கரிக்கட்டை.

பெயர் காசிமாயன். வயது நாற்பத்தொன்று. இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் எவர் உயிருக்கும் விலை சொல்வேன். என் எலெக்ட்ரிக் காருக்கு ஒரு யூனிட் என்ன விலை என்று மட்டும் தெரியாது.

சத்தியமாகத் தெரியாது!

ஷோரூமில் கேட்டேன். "டீக்காசு சார்" என்றான். மின்வாரிய கவுன்டரில் கேட்டேன். "அது ஸ்லாபைப் பொறுத்தது" என்றார்கள். பைபாஸ் சார்ஜிங் ஸ்டேஷனில் ஒரு தடவை போட்டேன். பில்லைப் பார்த்ததும் பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

வீட்டில் போடலாம் என்றால், இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும். என் மீட்டர் நானூற்றுத் தொண்ணூற்றாறில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

கே.கே. நகரில் நான் குடியிருக்கும் அந்த வீட்டுக்கு மூன்று மீட்டர். முதலாவது ஹவுஸ் ஓனர் ரோகிணி அக்காவுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது, காலியாகக் கிடக்கும் மாடிக்கு.

மாடிப்படி சாக்கெட் அந்த மூன்றாவது மீட்டரில் ஓடுவது. எப்போதும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். போன மாதம் ஒரு நாள் பூட்டைக் காணோம்!

அன்றிலிருந்து நான் திருடன்.

ரோகிணி அக்கா ஓடி வந்தார். ஐம்பது வயது. இடுப்பில் சாவிக்கொத்து. முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன காசி சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா... டயரு. மேல யாருக்கா கத்துனது?"

"மேல யாரு இருக்கா? பூனை."

"பூனை 'அக்கா'ன்னு கூப்பிடுமா?"

"எங்க வீட்டுப் பூனை மரியாதை தெரிஞ்சது. நீ உன் சோலியப் பாரு!"

விடுக்கென்று போய்விட்டார். நான் விழுந்திருந்த ஃப்யூஸ் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். மூன்றாவது மீட்டரின் சிவப்பு விளக்கு மறுபடி மினுக்கத் தொடங்கியது.

மினுக்... மினுக்... மினுக்...

என் எக்ஸ்டென்ஷன் பெட்டி கரிந்துவிட்டது. அப்புறம் யாருக்காக ஓடுகிறது?

யோசிக்க நேரமில்லை. இன்னொரு தொல்லை. என் கார் மாடலுக்கு ஒரு வியாதி உண்டு. சார்ஜ் ஏறும்போது கரண்ட் பட்டென்று போனால், காரில் செருகிய கேபிள் முனை, அதாவது 'கன்', பூட்டிக்கொள்ளும். வண்டியும் நகராது. பானெட்டைத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையின் மகத்தான முட்டாள்தனத்தைச் செய்தேன்.

மதுரை எலெக்ட்ரிக் கார்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் மூன்று மீட்டரையும் படம் பிடித்துப் போட்டேன்.

'கே.கே. நகர்ல எங்க மாடி. பூட்டுன வீட்டு மீட்டர் ஓடுது. உள்ள பொம்பளக் குரல் கேக்குது. பேய்க்கு எந்த ஸ்லாப் மக்களே?'

பதினேழு பேர் சிரித்தார்கள்.

ஒருவன் சிரிக்கவில்லை.

உடனே போன் அடித்தது.

"அண்ணே, செல்வக்குமார் பேசுறேன். குரூப்ல இருக்கேன். உங்க ஏரியாவுலதான் நிக்கேன். வண்டியில ஒம்பது பர்சென்டுதான் இருக்கு. உங்க வீட்டுல செத்த நேரம் போட்டுக்கவா? வெளிய யூனிட்டு இருபத்தஞ்சு ரூவா கேக்குறான்ணே, கொள்ளைக்காரப் பய!"

அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். இருபத்தைந்து ரூபாய்க்கு அழுகிறவன் எனக்கு ரத்த சொந்தம்.

"வாங்கண்ணே!" விலாசத்தைச் சொன்னேன்.

பத்தே நிமிடம். வெள்ளைக் கார். என் மாடலேதான். இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தும்பைப் பூ வேட்டி. பணிவான சிரிப்பு. என் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, என் சொந்த மீட்டரில், அவன் காருக்குப் போட்டுவிட்டேன்.

நானூற்றுத் தொண்ணூற்றாறு... நானூற்றுத் தொண்ணூற்றேழு...

அவன் என் மீட்டரைப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் பார்த்தான்.

"ஆளில்லாத வீட்டு மீட்டரு நாடி மாதிரி துடிக்குதேண்ணே?"

"ஃப்ரிட்ஜா இருக்கும்."

"எங்க தோட்டத்து வீட்டுலயும் இப்படித்தான். நாங்க யாருமே இல்ல. ஒரு ஃப்ரீஸர் மட்டும் தன்னால ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு."

சிரித்தான்.

வெயில் மண்டையைப் பிளக்கும் மூன்று மணி. எனக்கு ஏனோ முதுகு சில்லிட்டது.

"காசி...! உள்ள வா. டீ போட்டிருக்கேன்."

ரோகிணி அக்காவின் குரல் நடுங்கியது. அடுப்படிக்குள் போனேன். டீ இல்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"எவனடா கூட்டிட்டு வந்திருக்க?"

"குரூப்ல ஒரு அண்ணன்க்கா..."

"கொலகாரன்டா அவன்!"



அக்கா கிசுகிசுப்பாக, வேகமாகச் சொன்னார். "மேல இருக்கிறது செல்லக்கிளி. மீட்டர் ரீடிங் எடுக்கிற பொண்ணு. செக்கானூரணி பக்கம் இவன் தோட்டத்து வீடு பூட்டிக் கெடந்துச்சு. ஆனா மீட்டரு ஓடுச்சு. வேற ஆளா இருந்தா நம்பரை எழுதிட்டுப் போயிருக்கும். இவ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா. இவன் ஃப்ரீஸர்ல எதையோ திணிச்சிட்டு இருந்திருக்கான்..."

"எதை...?"

"அவன் பார்ட்னரை!"

"ஐயோ...!"

"ஜாமீன்ல வந்திருக்கான். நாளைக்குக் காலையில கோர்ட்டுல அவ சாட்சி சொல்லணும். இவ ஒருத்திதான் சாட்சி. ஒரு மாசமா ஒளிச்சு வச்சிருக்கேன். எஸ்.ஐ. கண்ணுச்சாமிக்குப் போன் போட்டுட்டேன், தல்லாகுளத்துல இருந்து கெளம்பிட்டாரு. இருபது நிமிஷம் அவனைப் புடிச்சு வையி!"

"நானா? இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கா நான்!"

"எல்லாரும் உன்னைப் பார்த்து ஓடுவாங்க. இன்னைக்கு நீ ஒருத்தனை நிக்க வையி. போடா!"

வெளியே வந்தேன்.

செல்வக்குமார் மாடிப்படி கேட்டின் அருகே நின்றான். கையில் வீல் ஸ்பேனர். இப்போது பணிவும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மேல யாருண்ணே?"

என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அசிங்கமான உண்மை. அதைத் தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"யாருமில்லண்ணே! நான்தான் திருடன்! அந்த மீட்டர்ல கள்ளக் கரண்ட் எடுத்து ஒரு மாசமா காருக்குப் போடுறேன்! இந்தா பாருங்க, கருகுன சாக்கெட்டு! பொம்பளக் குரலு அக்கா வீட்டு டிவி சீரியலு!"

அவன் சாக்கெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஸ்பேனர் மெல்லத் தாழ்ந்தது.

"த்தூ... இதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே?"

கொலைகாரன் என்னைக் காறித் துப்பினான். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் அவமானப்பட்டதில்லை!

அந்த நேரம் பார்த்து...

மேலே ஒரு தும்மல்.

அவன் கண்கள் சுருங்கின.

'டங்... டங்...!' இரண்டே அடி. கேட் பூட்டு தெறித்தது. மேலே ஏறினான். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பேன். அவன் காலைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடா...!"

"மாட்டேன்! எனக்கே... எனக்கே இன்சூரன்ஸ் இல்ல, அடிக்காதீங்கண்ணே!"

ஸ்பேனர் என் தோளில் இறங்கியது. கண்ணில் மின்னல். ஆனாலும் விடவில்லை. இன்னொரு அடி. படிகளில் உருண்டேன். அவனும் என்னோடு உருண்டான்.

தூரத்தில் சைரன்!

அவன் எழுந்து காரை நோக்கிப் பாய்ந்தான். நான் விழுந்து கிடந்தது மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே. நல்ல கையை மேலே நீட்டினேன். இரண்டாவது மீட்டர். என் மீட்டர். சுவிட்சை இழுத்து இறக்கினேன்.

பட்!

கரண்ட் செத்தது. கன் பூட்டிக்கொண்டது.

அவன் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான். நகரவில்லை. இறங்கி ஓடி வந்து கன்னை இழுத்தான். வரவில்லை. காரை உதைத்தான்.

"டேய்! இதை எப்படிடா எடுக்கிறது?"

"பானெட்டுக்குள்ள ஒரு கயிறு இருக்குண்ணே. பழகிட்டா நாப்பதே நிமிஷம்!"

அவன் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கித் திரும்பினான். இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டை எஸ்.ஐ. கண்ணுச்சாமியின் லத்தி வைக்க விடவில்லை.

மறுநாள் சாயங்காலம்.

தோளில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டிலிருந்து ஆட்டோ வந்து நின்றது. ரோகிணி அக்காவோடு ஒரு பெண் இறங்கினாள். ஒல்லியான உடம்பு. நேரான பார்வை. கையில் ஒரு சின்ன நோட்டு.

"சொல்லிட்டியாம்மா சாட்சி?"

"சொல்லிட்டேன்ணே. ஜாமீன் கேன்சல். உள்ள போட்டுட்டாங்க." என் மாவுக்கட்டைப் பார்த்தாள். "நீங்க காலைப் புடிக்கலைன்னா நான் இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கியது. மறைக்கக் குனிந்தேன்.

"என்னை மன்னிச்சிரும்மா. உன் மீட்டர்ல திருடுனவன் நான்."

"தெரியும்ணே."

"தெரியுமா...?!"

"பூட்டுன வீட்டு மீட்டர் ஓடினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அதை வச்சுத்தானே அவன் மாட்டுனான். நானும் அப்படியே மாட்டிருவேன்ல? நாலு பேரு கேட்டா, 'கீழ்வீட்டுக்காரரு திருட்டுத்தனமா கார் போடுறாரு'ன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அதான் அக்காகிட்ட சொல்லி சாக்கெட் பூட்டைக் கழட்டச் சொன்னேன்."

ரோகிணி அக்கா வானத்தைப் பார்த்தார்.

"அப்ப... நான் திருடல. என்னைத் திருட வச்சிருக்கீங்க!"

"பூட்டைத்தான்ணே எடுத்தோம். ரெண்டாவது நாளே கேபிளோட வந்து நின்னது நீங்க."

என்னிடம் பழைய கேள்விதான் இருந்தது.

"ஊருல ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். நீயாச்சும் நேராச் சொல்லு தாயி. காருக்கு யூனிட்டு எம்புட்டுதான் ஆகும்?"

நோட்டைப் பிரித்தாள்.

"ஐநூறைத் தாண்டுனா, வீட்டுல ஒம்பதுல இருந்து பத்து ரூவா. வெளிய இருபதுல இருந்து இருபத்தஞ்சு. நீங்க என் மீட்டர்ல எடுத்தது முந்நூத்திப் பதினாலு யூனிட்டு. பத்து ரூவான்னு வைங்க. மூவாயிரத்து நூத்தி நாப்பது. அக்காகிட்ட குடுத்துருங்க."

கட்டுப் போட்ட தோளை லேசாக முன்னால் தள்ளிக் காட்டினேன்.

"உசுரைக் குடுத்துக் காப்பாத்துனதுக்குத் தள்ளுபடி ஏதும்...?"

"போட்டாச்சுண்ணே. ஜிஎஸ்டி சேர்க்கல!"