வீங்காத பாதங்கள்

செவ்வாய், பிற்பகல் 2.10. சிறுசேரி ஆய்வகத்தில் பன்னிரண்டு எலிகளின் பாதங்கள் வீங்கவில்லை. வீங்கியிருக்க வேண்டும். காலையில் அவற்றுக்கு வீங்கவைக்கும் ஊசி போட்டவள் ஆய்வக உதவியாளர் ஜாய்ஸ். புது மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட, மருந்தே தராமல் வைத்திருந்த வரிசை அது.

2.40. ஜாய்ஸின் அடையாள அட்டையை விஞ்ஞானி ரமா வாங்கிக்கொண்டார்.

"வெறும் உப்புத் தண்ணியைக் குத்தியிருக்கா."

"பார்த்தீங்களா மேடம்?" தரச் சோதனை அதிகாரி ஜாக்குலின் கேட்டாள்.

"வேற யாரு?"

"அதானே. காலனிப் பொண்ணு இருக்கும்போது வேற யாரு!" என்று குத்தினாள் ஜாக்குலின்.

புதன், காலை 9.30. ஜாய்ஸ் போட்டதில் மிச்சமிருந்த ஊசி மருந்தை வேறு இரண்டு எலிகளுக்குப் போடவைத்தாள் ஜாக்குலின். மதியத்துக்குள் பாதங்கள் புடைத்துக்கொண்டன. ஊசியில் குறையில்லை.

பிறகு வீங்காத வரிசையின் முன் குந்தினாள். சண்டையில் நான்கு எலிகளுக்குக் காது கிழிந்ததாகப் போன வாரக் குறிப்பு. இப்போது ஒரு புண்கூட இல்லை. இந்த வரிசையின் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மட்டும் பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாள் சுற்றியிருந்தது.

எலிகளைப் பராமரிப்பவர் ஏசுபாதம். ஜாய்ஸின் அப்பா.

"தண்ணிக்கு எதுக்கு மாமா சட்டை?"

"எறும்பு வருதும்மா."

"இங்க மட்டுமா?"

ஜாக்குலின் தாளைப் பிரித்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"வெள்ளம் வந்தப்போ எலிக்காய்ச்சலுக்குக் குட்த்த மாத்திர. வெளிச்சம் படாம வைன்னு நர்சம்மா சொல்லிச்சு. காதுப் புண்ணுல எலி செத்துச்சின்னா பாப்பாவோட ஆறு மாச வேலை பூடுமேன்னு... கிருமி மருந்துதானேம்மா? வீக்கத்துக்கும் அதுக்கும் இன்னா கீது?"

இருந்தது. அதுதான் கொடுமை.

3.00. "டாக்சிசைக்ளின் மேடம். கிருமியோட நிக்காது. வீக்கத்தை மூட்டுற வெள்ளணுக்களையும் அடக்கும். ஜாய்ஸ் சரியாத்தான் போட்டா."

"கலந்தது யார்?"

சொல்லாவிட்டால் ஜாய்ஸ் போவாள். ஜாக்குலின் சொன்னாள்.

4.15. ஜாய்ஸின் அட்டை திரும்பி வந்தது. அதே மேசையில் ஏசுபாதத்தின் அட்டை. மன்னிப்பு என்ற சொல் ரமாவின் வாயில் வரவில்லை.

"நீ கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்க்கா," என்றாள் ஜாய்ஸ்.

வாசல்வரை போன ஏசுபாதம் திரும்பினார்.

"பாப்பா, ரெண்டாவது வரிசைக்கு இன்னும் தண்ணி வெக்கல. நல்ல தண்ணியா வெய்யி."