ரிஞ்சுவுக்கு முளைத்த பல்

ரிஞ்சுவுக்குப் பல் முளைத்திருந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்தால் எந்தத் தாயும் பயப்படமாட்டாள். ஆனால் டின்சி ஏலப்பாறையில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். எட்டு வயதில் பிடுங்கிய கடைவாய்ப் பால்பல்லுக்குப் பதிலாகப் பத்து வயது வாக்கில்தான் அடுத்தது வரும் என்று அவளுக்குத் தெரியும். இது பிடுங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பிடுங்கும்படி ஆனதே டின்சியால்தான். படுக்கப் போகும்போது சீனி போட்ட பால் கொடுத்துப் பழக்கியிருந்தாள். பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமி தின்று அமிலமாக்கும், அமிலம் பல்லை அரிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள். கரும்புள்ளியாக இருந்தபோதே அடைத்திருந்தால் பல் தப்பியிருக்கும். கடைசியில் அது தூள்தூளாக உடைந்து, ரத்தப் பஞ்சோடு குப்பைக்குப் போனது.

"எம் பல்லு எங்கம்மா? கூரையில போடாட்டி புதுப் பல்லு வராதாம்ல!"

அந்த அழுகையைத் தாங்க முடியாமல், கிளினிக் தட்டில் கிடந்த வேறொரு பல்லைக் கழுவி மகள் கையில் வைத்துவிட்டாள் டின்சி. பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்த கத்தரீனாளுக்கு அன்று காலையில் பிடுங்கியது. ஆயுசெல்லாம் கொழுந்து கிள்ளியவள், வெற்றிலை இல்லாத வாயோடு அவளை யாரும் பார்த்ததில்லை. பழைய வெள்ளி அடைப்புக்கு அடியில் மறுபடி சொத்தை பிடித்து, தாடை வீங்கிய பிறகே வந்தாள். சீழ் கழுத்துக்கு இறங்கி அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். ரிஞ்சு அந்தப் பல்லைத் தகரக் கூரையில் வீசியபோது அது உருளும் சத்தமே கேட்கவில்லை.

அதன்பிறகு டின்சி மாறிவிட்டாள். இனிப்புப் பால் நின்றது. காலையும் இரவும் ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டு அவளே தேய்த்துவிட்டாள். மகளின் மிச்சப் பற்களையாவது காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

புதுப் பல் கண்ணில் பட்ட அன்று இரவு மழை விட்டும் விடாமலும் தகரத்தில் நசநசத்துக்கொண்டிருக்க, தேயிலை ஃபேக்டரியின் வறுத்த வாசத்தைச் சுமந்துகொண்டு பனி கதவிடுக்கு வழியாக அடுப்படி வரைக்கும் வந்து நிற்க, கரண்ட் போன வீட்டில் செல்போன் வெளிச்சத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டின்சி மகளுக்குப் பல் தேய்த்தாள். நுரை சிவப்பாக வந்தது. ரத்தமோ என்று பதறிக் குனிந்து மோந்தாள். ரத்த வாடை இல்லை. வெற்றிலை. புகையிலை.

"வாயத் திற."

புதுப் பல் பழுப்பாக இருந்தது. எத்தனையோ வருடம் மென்று தேய்ந்த பல். அதன் நடுவில் ஏதோ வெள்ளியாய் மின்னியது. அடைப்பு. எந்தப் பல்லும் அடைப்போடு முளைக்காது. டின்சி வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. கூசுது. பக்கத்துப் பல்லெல்லாம் கூசுது."

பக்கத்துப் பல்லை மெல்லத் தொட்டாள். ஆடியது. சுண்டுவதற்கு முன்பே கழன்று, வாய் கொப்பளிக்க வைத்திருந்த மக்குக்குள் விழுந்தது.

டிக்.

ரத்தமே வரவில்லை. ஈறில் அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒன்று முட்டிக்கொண்டிருந்தது.

டிக். டிக்.

"மூடு. வாய மூடுடி!"

ரிஞ்சு மூடவில்லை. புறங்கையால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள். சாவகாசமாக. மக்கிற்குள் கையை விட்டுத் துழாவினாள். கிடந்ததையெல்லாம் அள்ளினாள். டின்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாட்டி." குரல் ரிஞ்சுவுடையதுதான். "உம் புள்ளையோடது."

ஈரமான சின்ன உள்ளங்கையில் பால்பற்கள் வெள்ளைவெளேரென்று கிடந்தன. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.