நாங்கதான் தூக்கினோம்

காலை 11.20.

சமையல் மேடை முழுக்க மாவுத் தூசி படிந்திருந்தது. சுவரோரமாக ஒரு சதுரத்தில் மட்டும் தூசி இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன்பு வரை அங்கே கிரீம் அடிக்கிற மிஷின் நின்றிருந்தது. இரண்டு பேர் கை போட்டால் சுலபமாகத் தூக்கலாம். தெம்புள்ள ஆளாக இருந்தால் ஒருவரே போதும்.

"இங்கதாங்க இருந்துச்சு. கிரீம் பாதிதான் அடிச்சிருந்தேன்" என்றாள் கேக் செய்கிறவள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தாள், உட்காரவில்லை. அவளை உட்கார வைக்க ஸ்டேஷனில் யாராலும் முடிந்ததில்லை. 'நிக்கிற மேடம்' என்று அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அவளுக்கும் தெரியும். அவளோடு வந்த ஏட்டு, இரண்டு மாடி ஏறிய களைப்பில் கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மேடைமேல் குப்புறக் கிடந்த போன் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. ஒவ்வொரு முறையும் கேக்காரியின் தோள் தூக்கிப் போட்டது.

"யாரு?"

"அவங்கதான். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சாங்க. நம்பரை மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க."

கதை புதிதில்லை. அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குகிறவள். வாரத்தின் நடுவில் கிடைக்கும் ஒரு நாள் விடுமுறையில் வீட்டில் கேக் செய்து விற்பாள். மூட்டை இறக்கும் வேலையில் புருஷனுக்குக் கை முறிந்து வருமானம் நின்றதும், சம்பளத் தேதி வரை சமாளிக்க ஒரு நிறுவனத்தில் கடன் வாங்கினாள். போனிலேயே விண்ணப்பம், பத்து நிமிடத்தில் பணம். சம்பளம் வந்ததும் வட்டிக்கே பாதி போனது. அதை அடைக்க இன்னொன்று. வாங்கியதைப் போல இரண்டு பங்கு கட்டியும் அசல் அப்படியே நின்றது. போன வாரம் கட்ட முடியவில்லை. நேற்று ராத்திரி அவள் படத்துக்குக் கீழே 'திருடி' என்று எழுதி, அவள் போனில் பெயர் இருந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். கம்பெனி முதலாளிக்கு, மகளின் டீச்சருக்கு, பால்காரருக்கு.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஜன்னல்ல பாத்தேன். ரெண்டு பேர் பைக்ல வந்து இறங்கினாங்க. மிஷினை நிறுத்திட்டு, முன் கதவை உள்பக்கம் பூட்டிட்டு, பின்படி வழியா இறங்கி, நம்ம கட்டடத்துக்கு அடியிலயே இருக்கிற முட்டைக் கடைக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். அவங்க கதவைத் தட்டின சத்தம் கடை வரைக்கும் கேட்டுச்சு. பைக் போனப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வந்தேன். வந்து பாத்தா மிஷினைக் காணோம்."

"பின் கதவு?"

"வெறுமனே சாத்திட்டுப் போனேன். பயத்துல பூட்டணும்னு தோணல."

"வீட்டுக்காரர்?"

"கை இன்னும் சரியா சேரல, காட்டணும்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. பொண்ணு பள்ளிக்கூடத்துல. சாயங்காலம் நாலு மணிக்குக் கேக் குடுக்கணும். முன்பணம் வாங்கிச் செலவும் பண்ணிட்டேன்."

ஏட்டு தண்ணீர் கேட்டார். அவள் பிரிட்ஜைத் திறந்தாள். கலர் கலராக மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக நின்றன. முன்னால், தட்டைக் கவிழ்த்து மூடிய ஒரு பாத்திரம். அதைத் தூக்கத்தில் நடப்பவள் போல ஓரமாக நகர்த்தி, பின்னாலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் பிரிட்ஜுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தாள். தரை பளிங்கு மாதிரி இருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. பிளக்கை யாரோ நிதானமாகப் பிடுங்கியிருந்தார்கள்.

11.40. வாசல் காவலாளி.

"தூங்கிட்டீங்களா?"

"கதவை அந்த இடி இடிச்சா செத்தவனே எழுந்திருப்பான், நான் தூங்குவனா? ரெண்டு தடியனுங்க வந்தானுங்க. கால் மணி நேரம் கத்தினானுங்க. அப்புறம் கையை வீசிக்கிட்டு வெளிய போனானுங்க."

"கையில எதுவும் இல்ல?"

"சிகரெட் இருந்துச்சு."

"பின்படிக்கு வழி?"

"இந்த வாசலைத் தாண்டித்தான் போகணும். இல்லேன்னா கட்டடத்துக்குள்ள இருக்கிறவங்களா இருக்கணும்."

ஏட்டு காதோரம் குனிந்தார். "காவலாளி சொல்றதை நம்பவா மேடம்? ஒரு சிகரெட் குடுத்தே அவன் வாயைக் கட்டியிருப்பானுங்க."

இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறினாள். மூன்றாம் மாடியில் இருந்தது ஒரே ஒரு வீடு. கேக்காரியின் நாத்தனார், புருஷனின் அக்கா, அங்கே தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் ராத்திரி வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். கண்ணில் தூக்கமே இல்லை.

"உங்க தம்பி வீட்டு மிஷின் காணாமப் போச்சு. தெரியுமா?"

"கூட்டம் போட்டா தெரியாதா?"

"சத்தம் எதுவும் கேட்டீங்களா?"

"அந்தப் பயலுங்க கத்தினது கேட்டுச்சு. வாயில வராத வார்த்தையெல்லாம் பேசினானுங்க."

"கீழ இறங்கிப் போகலையா?"

"எனக்கும் அவளுக்கும் ஆறு மாசமாப் பேச்சு இல்ல. இந்தக் கடனை வாங்காதே, என் வளையலை வெச்சுத் தரேன்னு சொன்னேன். உங்க தயவு வேணாம்னா. சரிதான்னு விட்டுட்டேன்." உதடு இறுகியது. "நேத்து அவ போட்டோ என் போனுக்கும் வந்துச்சு."

பேசிக்கொண்டே அவள் அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். சின்ன அடுப்படி, துடைத்து வைத்தது போல இருந்தது. பால், சாதம், நறுக்கிய காய் என்று எல்லாப் பாத்திரங்களும் கவிழ்த்த தட்டுகளுக்குக் கீழே இருந்தன. இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

12.05. கேக்காரியின் போன் மறுபடி உறுமியது.

"ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேசறேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். ஏட்டு தன் போனை எடுத்து, பதிவு செய்யப் பக்கத்தில் பிடித்தார்.

"என்னடி, கதவைத் திறக்க மாட்டியா?" என்றது ஒரு இளைஞன் குரல்.

"நான் அவ அக்கா பேசறேன். அவ அழுதுக்கிட்டிருக்கா. வீட்டுல மிஷினைக் காணோம். நீங்களா எடுத்தீங்க?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சளவு அமைதி. பிறகு சிரிப்பு.

"ஆமா. நாங்கதான் தூக்கினோம். நாளைக்கு பிரிட்ஜைத் தூக்குவோம். அதுக்கும் கட்டலேன்னா பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நிப்போம். சொல்லிடு."

"அதுல கிரீம் இருந்துச்சே. அதை என்ன பண்ணீங்க?"

"கிரீமா? கீழ கொட்டிட்டோம். துடைச்சுக்கச் சொல்லு."

இணைப்பு அறுந்தது. ஏட்டின் முகம் மலர்ந்தது. "தானா வந்து வாக்குமூலம் குடுத்துட்டான்! போய்ப் பிடிச்சிடலாம் மேடம்."

"பிடிக்கத்தான் போறோம். ஆனா திருட்டுக்கு இல்ல" என்றாள் அவள். "ஏட்டய்யா, தரையைப் பாருங்க."

அவர் பார்த்தார். கேக்காரியும் பார்த்தாள்.

"நீங்க வந்ததும் தரையைத் துடைச்சீங்களா?"

"இல்லீங்க. எதையும் தொடல."

"கொட்டின கிரீம் எங்க? அவன் இந்த அறைக்குள்ள கால் வைக்கவே இல்ல. நான் சொல்லித்தான் மிஷின் போன விஷயமே அவனுக்குத் தெரியும். பழி சும்மா வருதேன்னு எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டான். அவன் பொழப்பே பயத்துல தானே நடக்குது? காவலாளி சொன்னது நிஜம். கையை வீசிக்கிட்டுத்தான் போனாங்க."

அவள் பிரிட்ஜைத் திறந்து அந்தப் பாத்திரத்தை வெளியே எடுத்தாள். "நீங்க போறப்ப கிரீம் எதுல இருந்துச்சு?"

"மிஷினோட கிண்ணத்துலயே."

"கிண்ணம்?"

"மிஷினோட போயிடுச்சே."

இன்ஸ்பெக்டர் தட்டை எடுத்தாள். உள்ளே பாதி அடித்த கிரீம், வழித்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

கேக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "இது... நான் எடுத்து வெக்கல."

"வெச்சிருக்க மாட்டீங்க. உங்க வீட்டுல எல்லாத்துக்கும் டப்பா, மூடி. திருட வந்தவன் கிரீமைத் தரையில கவிழ்ப்பான், இல்ல கிண்ணத்தோட தூக்கிட்டுப் போவான். வெளிய இருந்தா வெயில்ல தண்ணியா ஓடிடும்னு, ஒரு துளி சிந்தாம வழிச்சு, பிரிட்ஜ்ல வெச்சுட்டுப் போனவங்க யாரு? இந்தக் கேக் நல்லபடியா முடியணும்னு நினைக்கிறவங்க. மிஷினை இன்னைக்கே திருப்பித் தரணும்னு நினைக்கிறவங்க. வாசலைத் தாண்டாதவங்க, ஒத்தையா அதைத் தூக்கக்கூடியவங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கைதான். வாங்க, மேல போவோம்."

நாத்தனார் கதவைத் திறந்தபோது, மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு வழிவிட்டாள். எதையும் மறைக்க முயலவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து, போர்வையில் சுற்றியிருந்ததை இழுத்துக்கொடுத்தாள்.

"தட்டைக் கவிழ்த்து மூடறது உங்க பழக்கம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதான் காட்டிக்குடுத்துச்சு."

கேக்காரி போர்வையை விலக்கி மிஷினைப் பார்த்தாள். பிறகு வெடித்தாள். "நல்லா இருக்கா அண்ணி? பேசலேங்கறதுக்காக என் பொழப்புலயா கை வெப்பீங்க? நான் இங்க உசிரு போற மாதிரி—"

"போகத்தானே பாத்துச்சு!"

அந்தக் குரலில் அடுப்படிப் பாத்திரமே அதிர்ந்த மாதிரி இருந்தது. ஏட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"விடியக்காலைல வேலை முடிஞ்சு வந்தேன்" என்றாள் நாத்தனார், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "இவ மொட்டை மாடிச் சுவரோரம் நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் துணி காயப்போட வந்த மாதிரி நடிச்சா. கையில துணி இல்ல. கொடியிலயும் இல்ல. அவ கீழ இறங்கிப் போற வரைக்கும் நானும் அங்கயே நின்னேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாய் வரல. ஆறு மாச வீம்பு."

கேக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி மூணு தடவை உங்க ஸ்டேஷனுக்கு வந்தான். போன்ல மிரட்டறாங்கன்னான். வாங்கின கடனைக் கட்டினா ஏன் மிரட்டப் போறாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கு அந்தப் பயலுங்க கத்திட்டுப் போனாங்க. இவ வீட்டுல இல்லையேன்னு பதறிப் பின்படி வழியா இறங்கிப் பாத்தேன். கடையில நிக்கிறது தெரிஞ்சுது. அப்பத்தான் தோணுச்சு. மிரட்டலுக்கு வர மாட்டாங்க, திருட்டுன்னா வருவாங்கன்னு. பாருங்க, பத்து நிமிஷத்துல வந்துட்டீங்க."

ஏட்டு தன் தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தார். மூன்று தடவையும் முன்மேஜையில் இருந்தது அவர்தான்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"நீங்க புகார் குடுக்கல. இவங்க குடுத்தது பொய்ப் புகார் இல்ல. நிஜமாவே காணோம்னுதான் நம்பினாங்க. பொருள் குடும்பத்துக்குள்ளயே கிடைச்சிடுச்சு. அதை அப்படியே எழுதி மூடிடலாம். ஆனா இன்னொரு தடவை என்னை இப்படி வரவழைச்சீங்கன்னா உங்களைத்தான் உள்ள வெப்பேன். புரியுதா?"

"புரியுது."

"அவன் பேசினது எங்க காதால கேட்டது, பதிவும் ஆயிருக்கு. பொருளைத் தூக்குவேன், பள்ளிக்கூடத்துல வந்து நிப்பேன்னு மிரட்டினான். படத்தைப் போட்டு அசிங்கப்படுத்தினதுக்கு உங்க ரெண்டு பேர் போனும் சாட்சி. கடன் கடன்தான், அதை மறுக்க முடியாது. எவ்வளவு நியாயமோ அதை அதிகாரி முன்னால கணக்குப் பாத்துக் கட்டிக்கலாம். ஆனா இந்தப் போன் இன்னைக்கு நிக்கணும்."

12.50-க்கு இன்ஸ்பெக்டர் அந்தக் கடன் நிறுவனத்தின் அலுவலக வாசலில் இருந்தாள். உள்ளே வரிசையாக மேஜைகள், காதில் மாட்டிய கருவிகளோடு இருபது வயதுப் பையன்கள், கத்தல். நடுவில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன். "சும்மா சொன்னேன் மேடம், சத்தியமா நாங்க எடுக்கல" என்று அழுதான். "தெரியும், நீ எடுக்கல" என்றபடி அவன் தோளில் கை வைத்தாள். பிறகு மேலாளரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

ஏட்டு அவளோடு போகவில்லை. தானாகவே கேட்டுக்கொண்டு பின்தங்கினார். மிஷினை நாத்தனாரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு மாடி இறக்கினார்கள். "பாத்து அண்ணி, அந்த ரெண்டாம் படி உடைஞ்சிருக்கு" என்றாள் பின்னால் வந்த கேக்காரி. "எனக்குத் தெரியாதா, நீ பேசாம வா" என்றாள் நாத்தனார். ஆறு மாதத்தில் வீட்டுப் பேச்சாக அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல்.

மிஷின் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நாத்தனார் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஏட்டு நாற்காலியை மேடையோரம் இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் தடவை எப்பம்மா கூப்பிட்டாங்க? மெதுவாச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

கேக்காரி சொல்ல ஆரம்பித்தாள். கிரீம் அடித்துக்கொண்டே சொன்னாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், சில இடங்களில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.